ஃபார்மட் அடிப்பதற்கு முன்னால்: பழைய கணினியில் எது திரும்பி வரும், எது வராது

"எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, தாராளமாக ஃபார்மட் அடித்துக் கொடுங்கள்."

என் பெரியப்பா கணினிக் கடையில் சொன்னது இது. எங்கள் குலதெய்வக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களின் வம்சாவளியை ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் கேட்டு, ஒன்பது ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய பழைய கணினி அது. கோப்பு கண்ணுக்கு நேராக டெஸ்க்டாப்பில் இருந்தது. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஓர் அடைவு (ஃபோல்டர்) என்பது அவருக்குத் தெரியாது. கடைக்காரர் மேல் தவறில்லை, கேட்டதைத்தான் செய்தார். வீட்டுக்கு வந்த கணினி புதிது போல வேகமாக ஓடியது. வம்சாவளி இல்லை.

'பேக்கப்', 'ஃபார்மட்', 'ஓஎஸ் போடுவது' ஆகிய சொற்களை நாம் தினமும் சொல்கிறோம். ஆனால் ஒவ்வொருவர் மனத்திலும் அவை ஒவ்வொன்றைக் குறிக்கின்றன. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வெளியிடுவது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத கணினிகளை என்ன செய்வது என்று பலரும் யோசிக்கும் நேரம் இது. அதனால் இந்தச் சொற்களின் பொருளை அடியிலிருந்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

## கல்யாண மண்டபமும் மொய் நோட்டும்

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம், மின்சாரம், தண்ணீர், ஜெனரேட்டர் எல்லாம் மண்டபத்தைச் சேர்ந்தவை. அவை இல்லாமல் எதுவும் நடக்காது. சமையல்காரர், நாதஸ்வரக் குழு, புகைப்படக்காரர் ஆகியோர் வந்து தத்தம் வேலையைச் செய்பவர்கள். கடைசியாக, வாசலில் ஒரு மேசை போட்டு ஒருவர் மொய் நோட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

கணினியில் மண்டபத்தின் இடத்தில் இருப்பது இயங்குதளம். விசைப்பலகை, திரை, வன்தட்டு, அச்சுப்பொறி என எல்லாப் பாகங்களையும் ஆள்வதும், மற்ற மென்பொருள்களுக்கு இடம் கொடுப்பதும் அதன் வேலை. எக்ஸ்பி, விண்டோஸ் 7, லினக்ஸ் எல்லாம் இயங்குதளங்களே. சமையல்காரர் இடத்தில் இருப்பவை மென்பொருள்கள்: வேர்டு, டாலி, பேஜ்மேக்கர் போன்றவை. மொய் நோட்டு என்பது நீங்கள் உருவாக்கிய கோப்புகள்.

மண்டபம் இடிந்தால் இன்னொரு மண்டபம் பிடிக்கலாம். சமையல்காரர் வராவிட்டால் வேறொருவரை அழைக்கலாம். மொய் நோட்டு தொலைந்தால் என்ன செய்வது? யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது உலகத்தில் வேறெங்கும் இல்லை. பழைய கணினியை மீட்க உட்காருபவர்களில் பெரும்பாலோர் எக்ஸ்பி குறுந்தகட்டைத் தேடுவதில்தான் நாளைக் கழிக்கிறார்கள். லட்சக்கணக்கான பிரதிகள் இருக்கும் பொருள் அது. ஒரே ஒரு பிரதி இருக்கும் பொருளைக் கவனிக்கும் ஆள் குறைவு.

## ஃபார்மட் என்றால் அழிப்பதா?

வன்தட்டு என்பது கோப்புகள் நிரந்தரமாகத் தங்கும் இடம். அதில் கோடிக்கணக்கான சிறு மனைகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோப்பு அவற்றில் பலவற்றில் குடியிருக்கும். எந்தக் கோப்பு எந்த மனைகளில் இருக்கிறது என்பதைத் தட்டின் ஓரிடத்தில் ஒரு பதிவேடாக இயங்குதளம் எழுதி வைத்திருக்கிறது. கிராமக் கணக்கு போல.

ஒரு கோப்பை நீக்கினால் பதிவேட்டில் அதன் பட்டா மட்டும் ரத்தாகிறது. வீடு அங்கேயே நிற்கும், ஆனால் கணக்கில் அது புறம்போக்கு. அந்த மனையை எப்போது வேண்டுமானாலும் வேறொருவருக்கு ஒதுக்கலாம். புதியவர் வந்து கட்டும்போதுதான் பழைய வீடு உண்மையில் இடிகிறது.

ஃபார்மட் என்பது அந்தப் பதிவேட்டையே தூக்கி எறிந்துவிட்டு வெற்றுப் பதிவேடு ஒன்றை வைப்பது. அவசர ஃபார்மட் அதை மட்டும் செய்து சில நொடிகளில் முடிந்துவிடும். முழு ஃபார்மட் நெடுநேரம் எடுக்கும். அந்த நேரத்தில் எல்லாவற்றையும் அழிக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். எக்ஸ்பியில் அது சரியல்ல: பழுதான இடம் இருக்கிறதா என்று தட்டு முழுவதையும் படித்துப் பார்க்குமே தவிர, பழையதன் மேல் எதையும் எழுதாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இது மாறியது. அதற்குப் பிறகு வந்த பதிப்புகளில் முழு ஃபார்மட் ஒவ்வோர் இடத்திலும் சுழியத்தை எழுதிவிடுகிறது. அதன்பின் மீட்க எதுவும் இருக்காது.

தவறுதலாக ஃபார்மட் ஆன தட்டிலிருந்து சில சமயம் கோப்புகள் மீண்டு வருவதன் ரகசியமும் இதுவே. மீட்கும் மென்பொருள் பதிவேட்டை நம்பாமல் ஒவ்வொரு மனையாகப் போய்ப் பார்க்கிறது. ஆனால் ஃபார்மட்டுக்குப் பிறகு புதிய இயங்குதளத்தை நிறுவியிருந்தால் பல ஆயிரம் புதிய கோப்புகள் அங்கே குடியேறியிருக்கும். எந்தப் பழைய வீடு இடிந்தது, எது தப்பியது என்பது தற்செயலைப் பொறுத்தது. அதனால், தவறு தெரிந்த கணத்தில் கணினியை அணைத்துவிடுங்கள். அதில் எதையும் தேட வேண்டாம், மீட்கும் மென்பொருளைக்கூட அதே தட்டில் நிறுவ வேண்டாம்.

இதுவரை வந்த இடம்: இயங்குதளமும் மென்பொருளும் மீண்டும் கிடைக்கும், உங்கள் கோப்புகள் கிடைக்காது. ஃபார்மட் பதிவேட்டை அழிக்கிறது, மீண்டும் நிறுவுவது அந்த இடங்களை உண்மையாகவே ஆக்கிரமிக்கிறது.

## சி, டி: ஒரே மனையில் ஒரு குறுக்குச் சுவர்

இனி பெரியப்பாவின் 'டி டிரைவ்'. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் சி, டி இரண்டும் இரு வேறு தட்டுகள் அல்ல. ஒரே தட்டை மென்பொருளால் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் பார்ட்டிஷன் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவேடு உண்டு. ஆகவே சி-யை மட்டும் ஃபார்மட் செய்தால் டி அப்படியே இருக்கும். இதனால்தான் 'டி-யில் போட்டால் பத்திரம்' என்ற நம்பிக்கை பரவியது.

பாதி உண்மை அது. ஒரே மனையில் அண்ணனும் தம்பியும் குறுக்குச் சுவர் எழுப்பிக் குடியிருக்கிறார்கள். அண்ணன் வீட்டை இடித்துக் கட்டினால் தம்பிக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளம் வந்தால்? தட்டின் மோட்டார் நின்றாலோ, மின்னழுத்தம் எகிறி அதன் மின்சுற்று கருகினாலோ, சி, டி இரண்டும் ஒரே நொடியில் போய்விடும். நிறுவும் நேரத்தில் தவறான பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து அழிப்பதும் அடிக்கடி நடக்கும் விபத்து. நிறுவும் திரையில் 'சி', 'டி' என்ற எழுத்துகள் நாம் பழகிய வரிசையில் தோன்றும் என்று சொல்ல முடியாது. அளவை வைத்து அடையாளம் காண்பதே பாதுகாப்பு. தொடங்கும் முன் ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவையும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

## பேக்கப் எது, எது பேக்கப் ஆகாது

பேக்கப் என்பது ஒரு கோப்பின் இன்னொரு பிரதி, வேறொரு பொருளில், தனியாக இருப்பது. டி டிரைவில் இருப்பது பேக்கப் ஆகாததற்குக் காரணம் இந்த 'வேறொரு பொருளில்' என்பதே. வெளித்தட்டு ஒன்றுக்குக் கோப்புகளை *நகர்த்திவிட்டு* பேக்கப் எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்களையும் பார்க்கிறேன். அப்போதும் பிரதி ஒன்றுதான் இருக்கிறது. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

'சிஸ்டம் ரீஸ்டோர்' பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் உள்ள இந்த வசதி இயங்குதளத்தின் அமைப்புகளை முந்தைய ஒரு தேதிக்குத் திருப்பும். புதிதாக நிறுவிய ஏதோ ஒன்றால் கணினி தடுமாறினால் உதவும். நீக்கிவிட்ட உங்கள் கடிதத்தைத் திருப்பித் தருவது அதன் வேலை அல்ல. அதன் சேமிப்பும் அதே தட்டில்தான்.

உண்மையான பேக்கப்பில் இரண்டு வகை. முதலாவது, கோப்புகளை நகலெடுப்பது. வீடு மாறும்போது பாத்திரம் பண்டங்களை மட்டும் எடுத்துப் போவது போல. எளிது, எந்தக் கணினியிலும் திறக்கலாம். இரண்டாவது, தட்டு முழுவதையும் அதன் பதிவேடு, இயங்குதளம், மென்பொருள் சகிதம் ஒரே தொகுப்பாகப் படியெடுப்பது. இதற்கு டிஸ்க் இமேஜ் என்று பெயர். ஒரு வீட்டைக் கல்லோடு கல்லாகப் பெயர்த்து எடுத்து வைப்பது போல. குளோன்சில்லா என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும்.

பழைய இயங்குதளத்துக்கு இமேஜ் மிகவும் பெறுமதியானது. பழைய அச்சு மென்பொருள், நிறுவும் வட்டு தொலைந்துபோன கணக்கு மென்பொருள், ஏதோ ஓர் இயந்திரத்தை ஓட்டும் நிரல் இவற்றை இன்று புதிதாக வாங்கி நிறுவ முடியாமல் போகலாம். அப்போது 'சமையல்காரரும்' ஒரே ஒருவர் ஆகிவிடுகிறார். ஆனால் இமேஜுக்குள்ளிருந்து ஒரே ஒரு கோப்பை மட்டும் எடுப்பது தொடக்கநிலையினருக்குச் சிரமம். வேறு தாய்ப்பலகை (பாகங்களை எல்லாம் இணைக்கும் முதன்மைப் பலகை, மதர்போர்டு) உள்ள கணினியில் அதை விரித்தால் எக்ஸ்பி பெரும்பாலும் எழுந்திருக்காது. ஆகவே இரண்டையும் எடுங்கள். ஒன்றை மட்டும் எடுக்க நேரமிருந்தால் கோப்புகளை எடுங்கள்.

தட்டு 'டிக், டிக்' என்று சத்தம் போடுகிறதா? விண்டோஸை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது சாகக் கிடக்கும் தட்டை ஓடவைக்கிறது. பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் ஒன்றால் கணினியைத் தொடங்கி, மிக அவசியமான கோப்புகளை முதலில் எடுத்துவிடுங்கள்.

## ஒளிந்திருக்கும் கோப்புகள்

எக்ஸ்பியில் ஒவ்வொருவரின் கோப்புகளும் 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' என்ற அடைவுக்குள் அவரவர் பெயரில் இருக்கும். விண்டோஸ் 7-ல் அந்த இடம் 'யூசர்ஸ்'. டெஸ்க்டாப், படங்கள், இணைய உலாவியின் குறிப்புகள் எல்லாம் இதற்குள்தான். பெயருக்குரிய அடைவை முழுவதுமாக எடுப்பது நல்லது. ஏனென்றால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அடைவுகளும் உண்டு. எக்ஸ்பியின் அவுட்லுக் எக்ஸ்பிரஸில் வந்த மின்னஞ்சல்கள் அப்படி மறைந்த ஓர் அடைவில்தான் இருக்கின்றன. மறைந்த கோப்புகளைக் காட்டும்படி அமைப்பை மாற்றிவிட்டுத் தேடுங்கள். கணக்கு மென்பொருள்களின் தரவு இந்த அடைவுக்கு வெளியேயும் இருக்கலாம். மென்பொருளைத் திறந்து, தரவு எந்த இடத்தில் இருக்கிறது என்று அது காட்டும் பாதையை எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர்கள் பச்சை நிறத்தில் தெரியும் கோப்புகள் இருந்தால் நிறுத்துங்கள். அவை விண்டோஸால் பூட்டப்பட்டவை. அதன் சாவி அந்த இயங்குதளத்துக்குள் இருக்கிறது. ஃபார்மட்டுக்குப் பிறகு கோப்பு கையில் இருந்தாலும் திறக்காது. முதலில் பூட்டை நீக்கிவிட்டு நகலெடுங்கள்.

அடுத்தது எழுத்துருக்கள். தமிழில் எழுதுபவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறை பரவலாகும் முன் நாம் தட்டச்சு செய்தவற்றில் பெரும்பகுதி உண்மையில் தமிழ் எழுத்துகளாகச் சேமிக்கப்படவில்லை. பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடித்தால் கணினி தன் நினைவில் வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளை. எம் இருக்கும் இடத்தில் 'அ' வடிவத்தை வரைவது எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல்தான் தெரியும். டிஸ்கி, டேம், டேப் எனப் பல குறியாக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் குறிகள் வேறு.

விண்டோஸை மீண்டும் நிறுவும்போது விண்டோஸ் அடைவுக்குள் உள்ள 'ஃபான்ட்ஸ்' பகுதி புதிதாகிறது. நீங்கள் சேர்த்த எழுத்துருக்கள் போய்விடும். கோப்பு பத்திரமாக இருந்தும் வாசிக்க முடியாத நிலை வரும். 'ஃபைல் கெட்டுப்போய்விட்டது' என்று சொல்லி அப்படிப்பட்ட கோப்புகளை நீக்கியவர்கள் எத்தனை பேரோ! தமிழில் ஒரு தலைமுறையின் கடிதங்களும் சங்க அறிக்கைகளும் மாத இதழ்களும் இப்படி ஆங்கிலக் குவியலாகப் பழைய தட்டுகளில் கிடக்கின்றன என்ற எண்ணம் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஃபான்ட்ஸ் அடைவு முழுவதையும் நகலெடுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். குறியாக்கம் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன.

சுருக்கமாக: பெயருக்குரிய அடைவு முழுவதும், மென்பொருள் தரவு, எழுத்துருக்கள், பூட்டு நீக்கிய கோப்புகள். இவற்றை வெளித்தட்டில் போட்டபின் *வேறொரு கணினியில்* சிலவற்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஃபேட் 32 என்ற பழைய பதிவேட்டு முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் 4 ஜிபி அளவைத் தொடும் தனிக் கோப்பை ஏற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். இமேஜ் எடுக்கும்போது இது குறுக்கே வரலாம்.

## டிரைவர் என்னும் துபாஷி

முற்காலத்தில் வணிகர்களுக்கு இருமொழி தெரிந்த துபாஷிகள் இருந்தார்கள். இயங்குதளத்துக்கும் ஒவ்வொரு வன்பொருளுக்கும் நடுவே அப்படி ஒரு துபாஷி தேவை. அதற்குப் பெயர் டிரைவர்: ஒரு குறிப்பிட்ட பாகத்தோடு எப்படிப் பேசுவது என்று இயங்குதளத்துக்குச் சொல்லித்தரும் சிறு நிரல்.

எக்ஸ்பி வெளியானது 2001-இல். அதற்குப் பின் வந்த பாகங்களின் மொழி அதற்குத் தெரியாது. இங்கே ஒரு பொறி உண்டு. நிறுவி முடித்தவுடன் வலையமைப்பு டிரைவர் இல்லை என்றால் இணையம் வராது. இணையம் இல்லாமல் டிரைவரைப் பதிவிறக்க முடியாது. ஆகவே ஃபார்மட்டுக்கு முன்பே, தாய்ப்பலகையின் பெயரும் எண்ணும் பார்த்து, அதற்குரிய டிரைவர்களை ஒரு பென் டிரைவில் சேர்த்து வையுங்கள். மடிக்கணினியின் அடியில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் உரிம எண் தேய்ந்து போகும் முன் அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

## மீண்டும் நிறுவும் நாள்

நிறுவுவது வெறுமனே திரை சொல்வதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போவது. வழக்கமாகத் தடுக்கும் இடங்கள் சில உண்டு. வெளித்தட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தவறான தட்டைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்காது.

கணினி விழித்தவுடன் முதலில் ஓடும் சிறு நிரலுக்கு பயாஸ் என்று பெயர். வன்தட்டோடு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பு அதில் உண்டு. அது புதிய 'ஏஹெச்சிஐ' முறையில் இருந்தால் எக்ஸ்பி நிறுவி நீலத் திரை காட்டி நின்றுவிடும். பயாஸில் அதைப் பழைய 'ஐடிஇ' முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். விண்டோஸ் 7-ன் நிறுவிக்கு யூஎஸ்பி 3 தெரியாது. அதனால் மவுஸும் விசைப்பலகையும் நடுவில் செயலிழந்தது போலத் தோன்றும். யூஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்புக்கு முந்தைய எக்ஸ்பி வட்டு 137 ஜிபிக்கு மேற்பட்ட தட்டை முழுமையாகக் காணாது. சர்வீஸ் பேக் சேர்ந்த வட்டைத் தேடுவதே வழி.

விண்டோஸ் 7-ஐ ஃபார்மட் செய்யாமல் பழையதன் மேலேயே நிறுவினால், பழைய விண்டோஸும் பயனர் அடைவுகளும் 'விண்டோஸ் ஓல்டு' என்ற அடைவில் ஒதுக்கி வைக்கப்படும். இது கூடுதல் பாதுகாப்பு. பேக்கப் எடுப்பதற்கு மாற்று அல்ல.

கடிகாரம் தவறான ஆண்டைக் காட்டினால் தாய்ப்பலகையில் உள்ள சிஆர் 2032 என்ற நாணய வடிவ பேட்டரியை மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையத்தளங்கள் திறக்காது.

தேதி சரியாக இருந்தாலும் புதிதாக நிறுவிய எக்ஸ்பியின் உலாவியில் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது. தளங்கள் பேசும் புதிய மறையாக்க முறை அதற்குத் தெரியாது. நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை. தேவையானவற்றை வேறு கணினியில் இறக்கிக் கொண்டுவாருங்கள். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியும் முடிந்தது. 2017 மே மாதம் வான்னாகிரை என்ற தீநிரல் உலகெங்கும் பரவியபோது மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்கும் விதிவிலக்காக ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அத்தகைய விதிவிலக்கை நம்பி இருக்க முடியாது. பழைய கோப்பைத் திறக்கவும் பழைய மென்பொருளை ஓட்டவும் அந்தக் கணினியை வைத்துக்கொள்ளுங்கள், இணையக் கம்பியைச் செருகாதீர்கள்.

டிரைவர், எழுத்துரு, மென்பொருள் எல்லாம் சேர்த்து முடித்த அன்றே ஓர் இமேஜ் எடுங்கள். அடுத்த முறை இந்த வேலை ஒரு நாளுக்குப் பதில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

பெரியப்பாவின் தட்டை நான் வாங்கி மீட்கும் மென்பொருளில் ஓட்டினேன். பெயரிழந்த கோப்புகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பெரும்பாலானவை திறக்கவில்லை. திறந்த சிலவற்றிலும் ஆங்கிலக் குவியல். மூன்றாம் நாள் இரவுதான் ஒரு பக்கத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று மீண்டும் மீண்டும் வருவதைக் கவனித்தேன். பாமினி எழுத்துருவை நிறுவியதும் பதினான்கு குடும்பங்களின் பெயர்கள் திரையில் வந்து நின்றன. முப்பத்தொன்று இருந்ததாகப் பெரியப்பா சொன்னார். மீதியைக் கேட்க அவர் மறுபடி பஸ் ஏறிப் போய்வருகிறார். முன்பு சொன்ன பெரியவர்களில் சிலர் இப்போது இல்லை. ஒவ்வொரு முறை திரும்பி வந்ததும் எழுதியதை யூனிகோடில் அடித்து, ஒரு பிரதியை எனக்கும் இன்னொன்றை சென்னையில் இருக்கும் அத்தைக்கும் அனுப்புகிறார். நாங்கள் இருவரும் திறந்து பார்த்து, கடைசி வரியில் என்ன பெயர் இருக்கிறது என்று அவருக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டுகிறோம்.